ஓப்பன் வேர்ல்டு கேம்களைக் குறை சொல்லலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கமும் பிசி, பிளேஸ்டேஷன், போன் எதில் ஆடுகிறவர்களும் கேட்கும் கேள்விகள் இவை. மிஷன் மிஷனாக அடைத்து வைக்காமல், ஒரே பெரிய உலகத்தில் நினைத்த திசையில் போக விடும் கேமைத்தான் ஓப்பன் வேர்ல்டு என்கிறோம். பணம் போட்டு வாங்கி, அறுபது எழுபது மணி நேரம் செலவழித்து ஆடியவரின் குறை சரியாகச் சொல்லப்பட்டால் அந்த கேமே திருந்தும். அப்படிச் சொல்வது எப்படி என்பதற்குத்தான் இந்தப் பக்கம்.

கேமை உருவாக்கியவர்களைக் குறை சொல்ல ஆடுகிறவருக்கு உரிமை இருக்கிறதா?

இருக்கிறது. விற்பனைக்கு வைத்த எந்தப் பொருளையும் வாங்கியவர் குறை சொல்லலாம். சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. அவதூறைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 356ஆம் பிரிவிலேயே, பொதுமக்களின் மதிப்பீட்டுக்கு முன்வைக்கப்பட்ட ஒரு படைப்பின் தரத்தைப் பற்றி நல்லெண்ணத்தோடு கருத்துச் சொல்வதற்கு விலக்கு உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499ஆம் பிரிவிலும் அது இருந்தது. ஆனால் அந்த விலக்கு படைப்பைப் பற்றிய கருத்துக்குத்தான். ‘இந்த நிறுவனம் திருடியது’, ‘காசு வாங்கிக்கொண்டு மறைத்தது’ என்று ஆதாரமில்லாமல் எழுதினால் அது கருத்து அல்ல, குற்றச்சாட்டு.

‘உனக்கு ஒரு கேம் செய்யத் தெரியுமா? செய்து காட்டிவிட்டுப் பேசு’ என்கிறார்களே?

குழம்பில் உப்பில்லை என்று சொல்ல சமைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆனால் உப்பு ஏன் இல்லை என்பது சமைத்தவருக்குத்தான் தெரியும். ‘பாலத்தைத் தாண்டும்போது ஒவ்வொரு முறையும் அரை விநாடி நிற்கிறது’ என்பது உங்களுக்குத் தெரிந்த உண்மை. ‘சோம்பேறி டெவலப்பர்கள், ஒரு நாளில் சரிசெய்யக்கூடிய வேலை’ என்பது உங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் பேசுவது. நியாயமில்லாத விமர்சனங்களில் பல இந்த இடத்தில்தான் வழுக்குகின்றன.

காரணத்தையும் சொல்ல வேண்டுமென்றால் அதற்கான உழைப்பைப் போட்டாக வேண்டும். ஜிடிஏ ஆன்லைன் லோடு ஆவதற்குப் பல நிமிடங்கள் எடுக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் எல்லோரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். 2021 பிப்ரவரியில் ஓர் ஆட்டக்காரர், நிறுவனத்தின் சோர்ஸ் கோடு (மூல நிரல்) எதுவும் கையில் இல்லாமலேயே, அந்த நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தார். கடைப் பொருள்களின் பட்டியல் ஒன்று, சுமார் 10 எம்பி, ஏறக்குறைய 63,000 உருப்படிகள். அதை வாசிக்கும் விதத்தில், ஒவ்வோர் உருப்படிக்கும் பட்டியலின் மீதிப் பகுதி முழுவதையும் திரும்ப அளந்துகொண்டிருந்தது நிரல். அதை மாற்றியபோது அவருடைய கணினியில் 6 நிமிடம் 2 நிமிடத்துக்குள் இறங்கியது. கேமை உருவாக்கிய ராக்ஸ்டார் அதை ஏற்று மார்ச் மாதமே பேட்ச் (கோளாறைத் திருத்தும் அப்டேட்) கொடுத்து, அவருக்கு 10,000 டாலரும் தந்தது.

பக் (நிரலில் உள்ள கோளாறு) வேறு, டிசைன் குறை வேறு. எப்படிப் பிரிப்பது?

இந்த ஊர்க்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது எளிது. பாண்டியன் அவையில் தருமி கொண்டுவந்த பாட்டில் நக்கீரர் குற்றம் சொன்னபோது எழுந்த கேள்வி, குற்றம் சொல்லிலா பொருளிலா என்பது. சொல்லில் இல்லை, பொருளில்தான் என்றார் நக்கீரர்: பெண்ணின் கூந்தலுக்கு இயற்கையிலேயே மணம் உண்டு என்ற கருத்துதான் தவறு என்று. தருமியின் வறுமையை அவர் தொடவில்லை. பாட்டில் குறிப்பிட்ட ஓர் இடத்தைத் தொட்டார்.

கேமிலும் இதே பிரிவினைதான். உருவாக்கியவர்கள் நினைத்தபடி வேலை செய்யாதது சொற்குற்றம்: குதிரை தரைக்குள் புதைவது, மிஷன் முடிந்தும் முடியாததுபோல் நிற்பது. நினைத்தபடியே வேலை செய்தும் ஆட்டத்தைக் கெடுப்பது பொருட்குற்றம்: ஒரே மாதிரி முகாமை 40 தடவை அழிக்கச் சொல்வது. முதலாவதற்கு ஆதாரம் வேண்டும். இரண்டாவதற்கு வாதம் வேண்டும். டிசைன் பிடிக்கவில்லை என்பதை ‘பக்’ என்று புகார் பெட்டியில் போட்டால் அதைப் பிரித்துப் பார்க்கும் சோதனையாளரின் நேரம்தான் வீணாகும்.

ஓப்பன் வேர்ல்டு கேம்களில் மட்டும் ஏன் இத்தனை பக்?

கணக்கு அப்படி. முடிந்தது, முடியவில்லை என்று இரண்டே நிலை கொண்ட 10 குவெஸ்ட்களை (கேம் தரும் பணிகளை) எந்த வரிசையிலும் ஆடலாம் என்றால் உலகம் 1,024 நிலைகளில் இருக்க முடியும். 20 என்றால் 10 லட்சத்தைத் தாண்டுகிறது. பெரிய கேம்களில் குவெஸ்ட்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். எல்லாவற்றையும் ஆடிச் சோதிக்க எந்த நிறுவனத்தாலும் ஆகாது.

இன்னொரு காரணம் ஸ்ட்ரீமிங். மொத்த உலகத்தையும் ராமில் வைக்க முடியாது என்பதால் அதைக் கட்டம் கட்டமாக வெட்டி, நீங்கள் நிற்கும் கட்டத்தையும் சுற்றியுள்ளவற்றையும் மட்டும் டிஸ்க்கிலிருந்து எடுக்கிறார்கள். வண்டியின் வேகம் டிஸ்க்கின் வேகத்தை மிஞ்சும்போது கட்டடம் திடீரென்று முளைக்கும், சாலை மங்கலாகத் தெரியும், ஆட்டம் ஒரு கணம் நிற்கும். சைபர்பங்க் 2077 பழைய ஹார்டு டிஸ்க்கைக் கைவிட்டு 2023இல் எஸ்எஸ்டியைக் கட்டாயமாக்கியதும் இதனால்தான்.

ஆகவே ஒரு பக் இருக்கிறது என்பதற்காகத் திட்டுவது நியாயமாகாது. முக்கியக் கதையை முடிக்க விடாத பக், சேவ் பைலை (ஆட்டத்தைச் சேமித்து வைத்த பைலை) அழிக்கும் பக், மாதக்கணக்கில் பேட்ச் வராத பக், இவற்றுக்குக் கோபப்படலாம்.

குறை கேமிலா, என் கணினியிலா? இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எழுதுவதற்கு முன் ஒரு மணி நேரம் இதற்கு ஒதுக்குங்கள். முதலில் பைல்களைச் சரிபாருங்கள்: ஸ்டீம் (பிசி கேம்களை விற்கும் இணையக் கடை) லைப்ரரியில் கேம் பெயர் மேல் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், இன்ஸ்டால்டு பைல்ஸ், அதில் வெரிஃபை. மாட் (ஆட்டக்காரர்கள் செய்து சேர்க்கும் மாற்றங்கள்) போட்டிருந்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பியுங்கள்.

அடுத்து எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரை, கூடவே வரும் ரிவாடியூனரோடு போட்டு (இரண்டும் இலவசம்), திரையில் ஐந்து எண்களைத் தெரியவையுங்கள்: ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) சூடு, ஜிபியு கிளாக் (அது ஓடும் வேகம்), விராம் (கிராபிக்ஸ் கார்டின் மெமரி), ராம், பிரேம்டைம் (ஒரு பிரேமுக்கு ஆகும் நேரம்). சராசரி எஃப்பிஎஸ்ஸை (விநாடிக்கு எத்தனை பிரேம் என்பதை) நம்பாதீர்கள். 60 எஃப்பிஎஸ் என்றால் ஒரு பிரேமுக்கு 16.7 மில்லி விநாடி. நடுவில் ஒரு பிரேம் 100 மில்லி விநாடி எடுத்தால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி திக்கும். சராசரி மட்டும் 58 என்று காட்டும்.

இப்போது ஒரே சேவ் பைலை எடுத்து, ஒரே பாதையில் 5 நிமிடம், மூன்று முறை ஓட்டுங்கள். முதல் முறை மட்டும் திக்கி அடுத்த இரண்டும் சீராக ஓடினால் ஷேடர் (ஒளி, நிறத்தைக் கணக்கிடும் சிறு நிரல்) கம்பைல் ஆகிறது என்று அர்த்தம். அதை லோடிங் திரையிலேயே முடித்து வைக்காதது கேம்காரர்கள் விட்ட குறைதான். மூன்று முறையும் அதே திருப்பத்தில் திக்கினால் ஸ்ட்ரீமிங். எஸ்எஸ்டியில் போட்டும் திக்கினால் அதையும் கேமின் கணக்கில் எழுதுங்கள். விராம் முழுக்க நிரம்பியிருந்து, டெக்ஸ்ச்சரை ஒரு படி குறைத்ததும் சரியானால் கார்டுக்குக் கொள்ளவில்லை; 4 ஜிபி கார்டில் ஹை டெக்ஸ்ச்சர் கேட்டது நம் தவறு. ராம் அளவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போய், மூடித் திறந்ததும் இறங்கினால் அது பெரும்பாலும் மெமரி லீக் (எடுத்த மெமரியை கேம் திருப்பித் தராதது). அதையும் கேமின் கணக்கில் எழுதலாம்.

சூடு தனிக் கதை. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும். மாடி அறைக்குள் 35க்குக் குறையாது. 25 டிகிரி ஏசி அறையைவிட அறை 10 டிகிரி கூடினால் சிப்பின் சூடும் ஏறக்குறைய அதே 10 டிகிரி கூடும். 20 நிமிடம் நன்றாக ஓடிவிட்டுப் பிறகு மெதுவாகச் சரிந்தால், சூடு உச்சத்தில் நிற்கும் அதே நேரத்தில் கிளாக் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கினால் வெயிலும் தூசியும்தான் காரணம். ஃபேனையும் ஃபில்டரையும் ஊதிச் சுத்தம் செய்து, அதிகாலையில் ஒருமுறை ஆடிப் பார்த்த பிறகு எழுதுங்கள்.

அசெம்பிள் செய்து வாங்கிய கணினிகளில் பலவற்றில் 8 ஜிபி ராம் ஒற்றைக் குச்சியாகத்தான் இருக்கிறது. டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி என்று போனால் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்று காட்டும். இரண்டு குச்சி போட்டால் கிடைக்கும் இரட்டைச் சேனல் இல்லாத கணினி, கூட்டம் நிறைந்த நகரக் காட்சிகளில் திணறுவது இயல்பு.

கரண்ட் போனதும் சேவ் அழிந்துவிட்டது. இதற்கு கேமைக் குறை சொல்லலாமா?

பாதி சொல்லலாம். சேவ் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் அந்த பைல் பாதியில் நிற்கும். அதை யாராலும் தடுக்க முடியாது. ஆனால் ஒழுங்காகச் செய்த கேம் பழைய சேவின் மேலேயே எழுதாது. புதிதாக ஒரு பைலை முழுக்க எழுதி முடித்து, அதன்பிறகே பெயரை மாற்றும். முந்தைய இரண்டு மூன்று சேவ்களையும் வைத்திருக்கும். ஒரே ஓர் ஆட்டோசேவ் ஸ்லாட் மட்டும் கொடுத்து, கையால் சேவ் செய்யவும் விடாத கேமில் 50 மணி நேர ஆட்டம் போனது என்றால் அது கண்டிக்க வேண்டிய குறை. நம் பங்குக்கு, சேவ் ஃபோல்டரை வாரம் ஒருமுறை பென் டிரைவில் நகல் எடுத்து வைப்பதும், ஆறேழு நிமிடம் தாங்கும் யுபிஎஸ் போடுவதும் நல்லது.

கிராக் காப்பி (திருட்டுப் பதிப்பு) ஆடிவிட்டு விமர்சிக்கலாமா?

கதை, டிசைன் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்பதை யாரும் தடுக்க முடியாது. லேக், கிராஷ் பற்றிப் பேசாதீர்கள். பேட்ச் வராத பழைய பதிப்பையும், பிரித்து ஒட்டிய பைலையும் வைத்துக்கொண்டு செய்தவரைக் குறை சொல்ல முடியாது.

ஒரு பக் புகாரை எப்படி எழுத வேண்டும்?

‘செம லேக், குப்பை கேம், காசு வேஸ்ட்’ என்ற வரியிலிருந்து ஒரு டெவலப்பரால் எதையும் எடுக்க முடியாது. அதே கோபத்தை இப்படி எழுதலாம்:

‘பதிப்பு 1.3. ரைசன் 5 5600, ஜிடிஎக்ஸ் 1650 4 ஜிபி, 16 ஜிபி ராம், சாட்டா எஸ்எஸ்டி. 1080பி, லோ செட்டிங். துறைமுகத்துக்கு வடக்கே உள்ள பாலத்தில் வண்டியில் முழு வேகத்தில் போனால் பாலத்தின் முடிவில் அரை விநாடி நிற்கிறது. நடந்து போனால் நிற்பதில்லை. 10 முறை ஓட்டியதில் 9 முறை. விராம் 3.1 ஜிபியில்தான் இருந்தது. வெரிஃபை செய்தாயிற்று, மாட் இல்லை.’

இதில் எந்த இடம், என்ன செய்தால் வரும், என்ன செய்தால் வராது, எத்தனைக்கு எத்தனை என்ற நான்கும் இருக்கின்றன. ‘என்ன செய்தால் வராது’ என்பதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். காரணத்தைப் பாதியாகக் குறுக்கித் தருவது அதுதான். விண்டோஸ் கேம் பாரில் பின்னணிப் பதிவை இயக்கி வைத்திருந்தால், பக் வந்த உடனே விண்டோஸ் விசை, ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். கடைசி 30 விநாடி வீடியோவாகச் சேமிக்கப்படும். கணினி விவரத்துக்கு டிஎக்ஸ்டயாக்கைத் திறந்து, எல்லாத் தகவலையும் ஒரு பைலாகச் சேமித்து இணைத்துவிடலாம்.

‘மேப் பெரிது, ஆனால் வெறுமை’ என்ற விமர்சனம் நியாயமானதா?

அளவைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஏமாற்று. 2004இல் வந்த ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸின் மூன்று நகரங்கள், பாலைவனம், மலை எல்லாம் சேர்த்து சுமார் 36 சதுர கிலோமீட்டர். மதுரை மாநகராட்சி சுமார் 148. கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவான இடத்தில் ஒரு மாநிலமே இருப்பதுபோல் ஆட வைத்தார்கள். தூரத்தை மூடிய பனிமூட்டம் அதற்குப் பெரிய துணை. பிளேஸ்டேஷன் 2இன் 32 எம்பி மெமரிக்காக வைத்ததுதான் அது. ஆனால் ஒரு நகரத்திலிருந்து இன்னொன்று கண்ணில் படாமல் காத்தது. 2021 நவம்பரில் வந்த டெஃபினிட்டிவ் எடிஷனில் (மெருகேற்றிய மறுபதிப்பில்) மூட்டம் விலகி, மலையுச்சியில் நின்றால் உலகம் முழுவதும் பொம்மை மாதிரி தெரிந்தது. ஆட்டக்காரர்கள் அதைப் படம் போட்டுக் காட்டினார்கள். பழைய ஒளியமைப்பும் மூட்டமும் 2024 நவம்பர் அப்டேட்டில் திரும்பி வந்தன. டிசைன் விமர்சனம் பலித்ததற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

வெறுமையா என்று சோதிக்க ஒரு வழி இருக்கிறது. மினிமேப்பையும் குவெஸ்ட் அம்புக்குறியையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் ஆடுங்கள். மதுரைக்குப் புதிதாக வருகிறவர் பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் மேப் இல்லாமலேயே கோயிலுக்குப் போய்விடலாம். சுமார் 170 அடி உயரத் தெற்குக் கோபுரம் வீடுகளுக்கு மேலே தெரியும். வெளி வீதி, மாசி வீதி, ஆவணி மூல வீதி, சித்திரை வீதி என்று சதுரத்துக்குள் சதுரமாக இருப்பதால் எந்த வீதியைக் கடக்கிறோம் என்பதே எவ்வளவு நெருங்கிவிட்டோம் என்று சொல்லிவிடும். நல்ல ஓப்பன் வேர்ல்டும் இப்படித்தான் வழி சொல்கிறது: எல்டன் ரிங்கில் (2022) பல இடங்களிலிருந்தும் தெரியும் பொன்மரம், கோஸ்ட் ஆஃப் சுஷிமாவில் (2020) போக வேண்டிய திசையில் வீசும் காற்று. மாரோவிண்டில் (2002) அம்புக்குறியே கிடையாது. ‘ஆற்றைத் தாண்டி வடக்கே போ, இரண்டு பாறைக்கு நடுவில் திரும்பு’ என்ற மாதிரி பாத்திரங்களே வழி சொல்லும்.

அம்புக்குறியை அணைத்ததும் எங்கே போவதென்று ஒருவரும் சொல்லவில்லை, கட்டடங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன என்றால், அந்த உலகம் ஆடுவதற்காகச் செய்யப்படவில்லை. அம்புக்குறியைப் பின்தொடர்வதற்காகச் செய்யப்பட்டது. இதை உங்கள் விமர்சனத்தில் தயங்காமல் எழுதலாம்.

வெளியீட்டுக்கு முன் சொன்னதும் வந்ததும் வேறாக இருந்தால்?

இதில்தான் விமர்சனம் கடுமையாக இருக்க வேண்டும். சைபர்பங்க் 2077 2020 டிசம்பர் 10இல் வெளியானது. அதற்கு முன் விமர்சகர்களுக்குப் பிசி பதிப்பு மட்டும் தரப்பட்டது. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் அது எப்படி ஓடும் என்று தெரியாமல்தான் மக்கள் முன்பணம் கட்டினார்கள். ஒரே வாரத்தில் சோனி தன் கடையிலிருந்தே அதை எடுத்துவிட்டது. திரும்பி வந்தது 2021 ஜூனில். 2023 செப்டம்பரின் 2.0 அப்டேட்டுக்குப் பிறகு அது நல்ல கேம் என்பது உண்மை. 2020இல் மறைத்தது மறைத்ததுதான் என்பதும் உண்மை.

நோ மேன்ஸ் ஸ்கை (2016) கொஞ்சம் வேறு. மிகச் சிறிய குழு, மல்டிபிளேயர் உண்டா என்பதில் தெளிவில்லாத பேச்சு, ஏமாந்த கூட்டம். பிரிட்டனின் விளம்பரக் கண்காணிப்பு அமைப்பு விசாரித்து, ஸ்டீம் பக்க விளம்பரம் விதியை மீறவில்லை என்றது. அதை உருவாக்கிய ஹலோ கேம்ஸ் பேச்சை நிறுத்தி வேலையைத் தொடர்ந்தது. முழு மல்டிபிளேயர் 2018 ஜூலையில் வந்தது. அப்டேட்டுகளுக்குக் காசு வாங்கவில்லை.

டிரெய்லரை நம்பி முன்பணம் கட்டாதீர்கள். உங்களிடம் இருக்கும் அதே கருவியில் ஆடிய, வெட்டாத வீடியோ வரும்வரை பொறுத்திருங்கள்.

யாரைக் குறை சொல்ல வேண்டும்? குறியீடு எழுதியவரையா, நிறுவனத்தையா?

தேதியைத் தீர்மானித்தவர்களை. பல பக்குகள் வெளியீட்டுக்கு முன்பே சோதனையாளர்கள் எழுதிவைத்த பட்டியலில் இருக்கும். எதைத் திருத்துவது, எதை விடுவது, எப்போது வெளியிடுவது என்பது நிர்வாகத்தின் முடிவு. சைபர்பங்க் விஷயத்தில் அதை உருவாக்கிய நிறுவனத்தின் நிறுவனர்களில் ஒருவரான மார்சின் இவின்ஸ்கியே 2021 ஜனவரியில் வீடியோவில் வந்து, பொறுப்பு நிர்வாகத்துடையது, குழுவைக் குறை சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அதற்கு முன் வெளியீடு தள்ளிப்போனபோது அந்தக் குழுவினருக்குக் கொலை மிரட்டல்கள் வந்திருந்தன. அனிமேஷன் செய்த ஒருவரின் இன்ஸ்டாகிராமைத் தேடிப் போய்த் திட்டுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

போனில் ஆடும் கெஞ்சின் இம்பாக்ட் மாதிரி கேம்களின் காசு வாங்கும் முறை?

எண்களை வைத்துப் பேசுங்கள். கெஞ்சினில் 5 நட்சத்திரப் பாத்திரம் கிடைக்க அடிப்படை வாய்ப்பு 0.6 சதவீதம்; 90 இழுப்புக்குள் (குலுக்கல் மாதிரி ஒவ்வொரு முயற்சியும் ஓர் இழுப்பு) ஒன்று உறுதி. ஆனால் அது நீங்கள் கேட்ட பாத்திரமாக இல்லாமல் போகலாம். மோசமான நிலையில் 180 இழுப்பு. ஒன்றுக்கு 160 ப்ரைமோஜெம் (கேமுக்குள் புழங்கும் நாணயம்) என்றால் 28,800. ‘இலவச கேம்தானே’ என்று சொல்பவருக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

பணத்தைத் திரும்பப் பெற முடியுமா?

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் முடியும். ஓப்பன் வேர்ல்டு கேமில் தொடக்கக் காட்சிகளே ஒன்றரை மணி நேரம் ஓடும் என்பதால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். செட்டிங் மெனுவில் உட்கார்ந்திருந்த நேரமும் கணக்கில் சேரும். பிளேஸ்டேஷன் கடையில் டவுன்லோடு தொடங்கிவிட்டால், கேமில் கோளாறு இருந்தாலொழிய தர மாட்டார்கள்.

விளம்பரத்தில் சொன்னது இல்லவே இல்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எங்கே இருந்தாலும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. கால வரம்பு 2 ஆண்டு. ரசீது, விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் (தேதியோடு), கஸ்டமர் கேருக்கு எழுதியதும் அவர்கள் பதிலும் கையில் இருக்கட்டும்.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது என்று குறை சொன்னால் கேட்பார்களா?

சரியாகச் சொன்னால் கேட்க வாய்ப்பு அதிகம். ‘கொ’ என்ற எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் ககரம் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும் சேமிக்கப்படுகிறது. திரையில் கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஷேப்பிங் என்ற வேலை தெரிந்த நிரல் தேவை. அன்ரியல் எஞ்சினில் அதற்கான ஹார்ஃப்பஸ் இருக்கிறது. யூனிட்டியில் பலர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் அது இயல்பாக வேலை செய்வதில்லை. கொம்பு இடம் மாறி விழும். வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு குறை: எழுத்துருவிலேயே தமிழ் இல்லை. இரண்டையும் பிரித்து எழுதுங்கள். சோதிக்க ‘கொக்கு’, ‘கௌரி’, ‘ஸ்ரீ’, ‘மீன்’ என்ற நான்கு சொல்லையும், சரியாகத் தெரியும் படத்தையும் உடைந்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். தமிழ் தெரியாத டெவலப்பருக்கு எது தவறு என்று கண்ணால் தெரிய வேண்டும்.

பேட்ச் வந்து சரியாகிவிட்டால் என் ரிவ்யூவை மாற்ற வேண்டுமா?

மாற்றுங்கள், அழிக்க வேண்டாம். ஸ்டீமில் உங்கள் பழைய ரிவ்யூவையே திருத்த முடியும். எழுதியபோது எத்தனை மணி நேரம் ஆடியிருந்தீர்கள் என்பதும் அங்கே தெரியும். பழைய வரிகளை அப்படியே விட்டு, மேலே தேதியும் பேட்ச் எண்ணும் போட்டு எது சரியானது, எது இன்னும் இருக்கிறது என்று இரண்டு வரி சேருங்கள். கட்டைவிரலை மேலே திருப்புவதா என்பதை, இன்றைக்கு ஒரு நண்பர் அதே விலைக்கு வாங்கலாமா என்று கேட்டால் என்ன சொல்வீர்களோ அதை வைத்து முடிவு செய்யுங்கள்.